மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்ற கப்பல்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். ஆனால் என் தலையில் அடித்தால் ஓசை மட்டும்தான் வருகிறது, நம்பிக்கை வருவதில்லை என்று மனைவி தடை போட்டிருக்கிறாள். ஆகவே என் பல் செட்டின் மீது ஆணையாகச் சொல்கிறேன். இந்த வீட்டில் நான் என்ன சொன்னாலும் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருப்பது தண்ணீர்க் கோப்பைக்குள் கிடக்கும் அது ஒன்றுதான். அதன் மீது பொய்ச் சத்தியம் செய்ய எனக்கு மனம் வராது.

ஓய்வு பெறும்வரை நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றியவன் நான். மீதிப் பேரை நடுவில் நிறுத்தியவனும் நான்தான் என்று சிலர் சொல்வார்கள், பொறாமைக்காரர்கள். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் பழுது பார்ப்பது ஒரு வேலை, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பயந்து கதவை உதைக்காமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. அதற்கு ஒரே வழி, வெளியே இருந்து யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். உதவியாளன் ஸ்பானரைப் பிடிப்பான், நான் கதவு இடுக்கில் வாயை வைத்துக் கதை சொல்வேன். "ஒரு தடவை என்ன ஆச்சுன்னா" என்று தொடங்கினால் உள்ளே அழுகை நின்றுவிடும். சில சமயம் லிஃப்ட் சரியான பிறகும் கதை முடியட்டும் என்று ஓட்டாமல் வைத்திருப்போம்.

இதனால் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. எனக்குக் கிடைத்த ரசிகர்கள் அனைவரும் எழுந்து போக முடியாதவர்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. வீட்டில் எல்லாக் கதவும் நன்றாகத் திறக்கிறது. நான் "ஒரு தடவை" என்று சொன்னதுமே மனைவிக்கு அடுப்பில் வைத்தது நினைவுக்கு வரும். வந்த விருந்தாளிக்குத் தன் வீடு நினைவுக்கு வரும்.

அதனால் வலைப்பூ தொடங்கினேன். பெயர், 'நடுமாடி'. ஒவ்வொரு பதிவின் தலையிலும் 'இது சத்தியமாக நடந்தது' என்று தடித்த எழுத்தில் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். ஐந்தாம் மாடி என்றாலே பயந்து நடுங்கிய லிஃப்டைப் பற்றி எழுதினேன். ஜென்ம விரோதிகளான இரண்டு அதிகாரிகள் உள்ளே மாட்டிக்கொண்டு, பேசிப் பேசிச் சமாதானமாகி, அங்கேயே ஒரு கம்பெனி ஆரம்பித்து, வெளியே வர மறுத்ததைப் பற்றி எழுதினேன். பக்கத்தின் ஓரத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு எண் காட்டும். அந்த எண்ணில் பெரும்பகுதி நானே; எண் கூடியிருக்கிறதா என்று பார்க்கப் போனது. கருத்துப் பெட்டியில் தவறாமல் வந்தவர் ஒரே ஒரு ரசிகர். 'அருமையான பதிவு, உங்கள் தலைமுடி அடர்த்தியாக வளர இங்கே அழுத்தவும்' என்று ஒவ்வொரு முறையும் எழுதுவார். அது இயந்திரம் என்று பிறகு சொன்னார்கள். இருக்கட்டும். என்னை ஒருநாளும் சந்தேகப்படாத வாசகர் அவர்.

ஒருநாள் காலை, மனைவி சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் பாதி நறுக்கிய வெங்காயம், மறு கையில் போன், கண்ணில் தண்ணீர். வெங்காயமா சிரிப்பா என்று தெரியாமல் எட்டிப் பார்த்தேன்.

"என்னத்துக்கு இப்படிச் சிரிக்கிற?"

"அக்கா அனுப்பினா. யாரோ கப்பல் கேப்டனாம், ரிட்டயர் ஆனவராம். என்னமா எழுதுறார் பாருங்க. நீங்களும்தான் எழுதுறீங்க."

"படி, கேப்போம்."

"'அந்தக் கப்பலுக்கு ஐந்தாம் மாடி என்றால் பயம். நான்காம் மாடியைத் தாண்டியதும் நடுங்க ஆரம்பித்துவிடும். ஒருநாள் அதன் கதவைத் திறந்து, எண்ணெய் போட்டு, முதுகில் தட்டிக்கொடுத்தேன்.' எப்படி?"

"அடியே, இது நான் எழுதினது!"

"நீங்க எழுதினது லிஃப்ட்."

"அந்த லிஃப்டத்தான் கப்பல்னு மாத்திட்டான்!"

"அதான் நல்லாருக்கு," என்றாள்.

போனைப் பிடுங்கிப் படித்தேன். தளத்தின் பெயர் 'ஆழ்கடல் அனுபவங்கள்'. எழுதியவர் பெயர் 'கப்பல்காரன்'. என் பதிவு ஒன்று விடாமல் அங்கே இருந்தது. லிஃப்ட் என்று வந்த இடத்தையெல்லாம் தேடிப் பிடித்துக் கப்பல் ஆக்கியிருந்தான். மற்றதில் கையே வைக்கவில்லை. 'கப்பலில் ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று பலகை வைத்தும் ஏழாவதாக ஒருவர் ஏறினார்.' 'கப்பலுக்குள் இருந்த கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.' 'பட்டனை அழுத்தியதும் கப்பல் நேராகக் கீழே போய்விட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கி வேலைக்குப் போனார்கள்.'

கருத்துப் பெட்டி நிரம்பி வழிந்தது. 'நவீன இலக்கியத்தின் உச்சம்' என்று ஒருவர். 'கப்பலுக்கு மாடி எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு வாழ்க்கை புரியாது' என்று இன்னொருவர். ஒரு பெண்மணி, கப்பல் கீழே போகும் இடத்தில் அழுதுவிட்டதாக எழுதியிருந்தார். அந்த இடத்தை எழுதியபோது நான் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்.

வயிறு எரிந்தது. திருட்டுப் போனதற்கு எரிந்தது பாதி. கப்பல் என்ற சொல் என் புத்தியில் தோன்றாமல் போனதற்கு எரிந்தது மீதி.

உடனே களத்தில் இறங்கினேன். முதலில் அவன் தளத்திலேயே, 'ஐயா, இவை என் பதிவுகள்' என்று மரியாதையாகக் கருத்துப் போட்டேன். அவனுடைய வாசகர்கள் என் வலைப்பூவுக்குப் படையெடுத்து வந்தார்கள். 'கப்பலைத் திருடி லிஃப்ட் ஆக்கிய அற்பனே' என்று திட்டினார்கள். ஓரத்தில் இருந்த எண் மளமளவென்று ஏறியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. திட்ட வந்தாலும் வந்தவர்கள் வந்தவர்கள்தானே. எல்லோருக்கும் நன்றி சொல்லிப் பதில் போட்டேன்.

அடுத்து, யாரும் என் பதிவைப் பிரதி எடுக்க முடியாதபடி ஒரு பூட்டு இருப்பதாகப் படித்துப் போட்டேன். அருமையான பூட்டு. அதற்குப் பிறகு என் பதிவில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தக்கூட என்னால் முடியவில்லை. கப்பல்காரன் வழக்கம்போலப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான். படத்தைத் திருடாமலிருக்க என் முகத்தின் குறுக்கே பெரிய எழுத்தில் 'நடுமாடி' என்று அச்சடித்தேன். "இந்தப் போட்டோவுல நல்லாருக்கீங்க" என்றாள் மனைவி.

கடைசியில் ஒரு பொறி வைத்தேன். பதிவின் நடுவில், யாருக்கும் சட்டென்று தெரியாதபடி, 'இது ஓர் ஏழை லிஃப்ட் மெக்கானிக்கிடமிருந்து திருடப்பட்டது' என்று ஒரு வரியைச் செருகினேன். மறுநாளே அங்கே வந்துவிட்டது: 'இது ஓர் ஏழைக் கப்பல் மெக்கானிக்கிடமிருந்து திருடப்பட்டது.' வாசகர்கள் உருகிப்போனார்கள். இவ்வளவு பெரிய கேப்டனுக்கு எவ்வளவு தன்னடக்கம் என்று.

வேறு வழியில்லாமல், எங்கள் இருவர் தளத்துக்கும் இணையத்தில் இடம் கொடுத்திருந்த கம்பெனிக்குப் புகார் எழுதினேன். புகார்ப் பிரிவிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். குரல் தேனாக இருந்தது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"சார், ரெண்டு பேரோடதையும் படிச்சோம். அவரோடது இன்னும் கொஞ்சம் நல்லாருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"இருக்கலாம் சார். ஆனா நீங்க ஒவ்வொரு பதிவுலயும் 'சத்தியமாக நடந்தது'ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா, போட்டிருக்கேன்."

"நடந்தத யார் வேணா எழுதலாமே சார். நேத்து மழை பெஞ்சதுன்னு நீங்க எழுதிட்டா, வேற யாரும் நனையக் கூடாதா?"

"அதில்லம்மா..."

"அவர் 'அனைத்தும் என் கற்பனை'ன்னு போட்டிருக்கார். எங்க கம்பெனி விதிப்படி கற்பனைக்குத்தான் சொந்தக்காரர் உண்டு. நிஜத்துக்குக் கிடையாது."

"ஏம்மா, லிஃப்ட் பயந்து நடுங்கிச்சுன்னு எழுதினா அத நிஜம்னு நம்புவியா நீ?"

"சத்தியம் பண்ணியிருக்கீங்களே சார். வயசானவங்க, பொய்யா சொல்லப் போறீங்க?"

என்னை முழுசாக நம்பிய முதல் மனுஷி அவள்தான். அது எனக்கு இவ்வளவு கெடுதலாக வந்து முடிந்தது.

நிலைமையை விளக்கிச் சொன்னாள். போனுக்கு ஒரு படிவம் வரும். அதில் இரண்டு கட்டம். 'கற்பனை' என்பதில் டிக் அடித்தால் கதைகள் எனக்குச் சொந்தம். கப்பல்காரனின் தளம் மூடப்படும். ஆனால் 'இங்கே உள்ளவை யாவும் கற்பனை' என்று என் வலைப்பூவின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் நிரந்தரமாக ஒட்டிவிடுவார்கள். 'நிஜம்' என்பதில் அடித்தால், ஒரே சமாசாரத்துக்கு இரண்டு தளம் எதற்கு என்று, ஆள் வராத தளத்தை மூடிவிடுவார்கள். ஆள் வராத தளம் எது என்று அவள் சொல்லவில்லை. அவ்வளவு நாகரிகம் இருந்தது.

"பதிவுக்குப் பதிவு தனியா அடிக்கலாமாம்மா?"

"முடியாது சார். மொத்தத்துக்கும் ஒரே டிக்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பொய்யன் என்ற பெயர் எனக்குப் புதிதல்ல. படிவம் வந்ததும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு 'கற்பனை'யை அழுத்தப் போனேன். மனைவி பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள்.

"என்னங்க, நம்ம கல்யாணக் கதையும் அதுல இருக்கில்ல?"

இருந்தது. அதைச் சொல்ல வேண்டும்.

என் மனைவியின் அக்காவுக்குக் காதல் கல்யாணம். என் சகலை, அதாவது அக்காவின் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அக்கா கண் பரிசோதனைக்குப் போனபோது, "கடைசி வரி தெரியுதா?" என்று இவர் கேட்டாராம், "உங்க முகம்தான் தெரியுது" என்று அக்கா சொன்னாராம். இந்தக் கதையை அக்கா சொல்லாத விசேஷம் கிடையாது. எங்களுடையதோ, ஒரு மாமா போட்டோவைக் காட்டி, தன் ஆபீஸ் அறையில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார வைத்து முடித்த கல்யாணம். அந்த அறையில் சுவரில் ஒரு கடிகாரம் ஓடாமல் நின்றிருந்தது என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. அப்போது அக்கா வெளியூரில் குடித்தனம், நேரில் பார்க்கவில்லை. பார்த்த ஒரே சாட்சியான மாமா காலமாகிவிட்டார்.

அந்த வசதியில், என் மனைவிக்கு நான் ஒரு கதை செய்து கொடுத்தேன். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டில் அவள் மாட்டிக்கொண்டாள். வெளியே நின்று நான் கதை சொன்னேன். முகத்தைப் பார்க்காமலே, குரலைக் கேட்டே, கதவு திறப்பதற்குள் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டாள். அக்கா இதைக் கேட்டு அன்றைக்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார் என்றால் கதையின் தரத்தை யோசித்துக்கொள்ளுங்கள். மனைவி தன் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டாள்: பழுது பார்க்கக் கொண்டுபோன சுவர்க் கடிகாரம் அவள் கையில் இருந்ததாம்; லிஃப்ட் நின்றபோது நின்றிருந்த கடிகாரம், லிஃப்ட் கிளம்பியபோது தானாக ஓட ஆரம்பித்ததாம். அதை மட்டும் நான் வலைப்பூவில் எழுதவில்லை. பொய்க்கும் ஓர் அளவு உண்டு.

"நீங்க கற்பனைன்னு அடிச்சா, அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?" என்றாள். "அவகிட்ட எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு கதைதான்."

"எனக்குன்னு இருக்கிறதும் அந்த வலைப்பூதான்."

"அதான் தலைமுடி மெஷினத் தவிர யாரும் வர்றதில்லையே."

வார்த்தை கொஞ்சம் அதிகம். ஆனாலும் டிக் அடிப்பதைத் தள்ளிப்போட்டேன்.

அந்த இடைவெளியில் கப்பல்காரன் எங்கள் கல்யாணக் கதையையும் வெளியிட்டுவிட்டான். இருவரும் தலையோடு தலை முட்டப் படித்தோம். 'மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே கப்பல் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண். அவள் கையில் ஒரு சுவர்க் கடிகாரம்...'

மனைவி நிமிர்ந்தாள். "கடிகாரமா? நீங்க எழுதலன்னீங்க?"

"எழுதல."

"இத நான் அக்காகிட்ட மட்டும்தான சொன்னேன்?"

"உங்க அக்காவுக்கு டைப் அடிக்கத் தெரியுமா?"

"ஒரு வரி அடிக்கணும்னாலும் வீட்டுக்காரரத்தான் கூப்பிடுவா."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவின் வீட்டுக்காரர். என் சகலை. ஏரியில் படகுச் சவாரி போனபோது, படகைப் பார்த்ததுமே வாந்தி எடுத்து, கரையோரமாக நடந்தே எதிர்க்கரைக்கு வந்து சேர்ந்த மனிதர். அவர்தான் ஏழு கடலையும் கலக்கிய கப்பல்காரன்.

அன்று மதியமே கிளம்பினோம். அவர்கள் வீடு அடுக்குமாடியில் ஏழாவது தளம். அந்த லிஃப்ட் நான் மாட்டியது. இன்றும் என்னைப் பார்த்தால் கதவை லேசாக இரண்டு முறை திறந்து மூடும். இதையும் சத்தியத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் இருவரும் கூடத்தில் உட்கார, நான் சகலையின் அறைக்குள் போனேன். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு பொம்மைக் கப்பல். ஆணியில் தங்க நிறப் பட்டை வைத்த வெள்ளைத் தொப்பி.

"சகல, இது என்ன தொப்பி?"

"வெயிலுக்கு."

"வீட்டுக்குள்ள அவ்வளவு வெயிலா?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டி, என்னைப் பார்த்து, மறுபடி கழற்றித் துடைத்தார். "தெரிஞ்சுபோச்சா?"

"கடிகாரம் காட்டிக் குடுத்துடுச்சு."

"மொத்தப் பதிவுல அதுதான் சகல நல்ல இடம்."

"அது என் பொண்டாட்டி செஞ்சது."

"அப்ப அவங்களையே எழுதச் சொல்லுங்க."

திருடனிடம் விமர்சனமும் கேட்க வேண்டிவந்த எழுத்தாளன் நான். "ஏன் சகல இப்படிப் பண்ணீங்க? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

கதவை ஒருக்களித்து மூடினார். குரலைத் தாழ்த்தினார்.

"முதல்ல உங்க பதிவத்தான் அவகிட்ட படிக்கக் குடுத்தேன். 'அந்த ஆளு வாயத் தொறந்தாலே புளுகு, எனக்கு வேண்டாம்'னுட்டா. லிஃப்டக் கப்பலாக்கி, வேற பேர் போட்டுக் குடுத்தேன். சிரிச்சா பாருங்க, குடிச்ச டீ மூக்கு வழியா வந்துடுச்சு. அவ அப்படிச் சிரிச்சுப் பாத்து எனக்கு ஞாபகமே இல்ல சகல. இப்ப காலையில எந்திரிச்சதும் முதல் கேள்வி, கப்பல்காரன் எழுதிட்டானாங்கிறதுதான்."

"அது நீங்கதான்னு சொல்லிட வேண்டியதுதான?"

"சொன்னா சிரிக்க மாட்டா."

அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று படிக்கட்டு முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். லிஃப்டில் வந்தவனுக்குப் படிக்கட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்; மனப்பாடம் செய்ய நேரம் வேண்டுமே என்று அன்றைக்கு மட்டும் படியேறினேன். ஆனால் டீ மூக்கு வழியாக வந்தது என்றதும் கேள்வியெல்லாம் மறந்துபோனது. "எந்த வரிக்கு வந்துச்சு?" என்று கேட்டேன். எழுத்தாளனுக்கு மானம் இருந்தால் இப்படிக் கேட்பானா?

அதற்குள் கூடத்திலிருந்து அக்காவின் குரல். "ரெண்டு பேரும் இங்க வாங்க!"

அக்கா போனை மடியில் வைத்து நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரே என் மனைவி, புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டு.

"தம்பி, இந்தக் கப்பல்காரன் இவ கதைய அப்படியே எழுதியிருக்கான். கடிகாரம் முதக்கொண்டு. கீழ 'எல்லாம் கற்பனை'ன்னு போட்டிருக்கான். இவ என்கிட்ட இத்தன வருஷமா நிஜம்னு சொல்லிட்டிருக்கா. ஏதோ ஒரு படிவம் வந்திருக்காமே உங்களுக்கு? இப்பத்தான் அழுதுக்கிட்டே சொன்னா."

"நான் ஒண்ணும் அழல," என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அந்த டிக்க என் கண் முன்னால அடிங்க. லிஃப்ட்ல வச்சுத்தான் பாத்தீங்களா, இல்லையா? இன்னைக்குத் தெரிஞ்சாகணும்."

போனை எடுத்தேன். இரண்டு கட்டமும் அடக்கமாகக் காத்துக்கொண்டிருந்தன. 'கற்பனை'யை அழுத்தினால் கதைகள் எனக்குத் திரும்பும். நெற்றியில் சிவப்புப் பட்டை ஏறும். என் மனைவி அவள் அக்காவின் முன்னால் இனி எந்தக் காலத்திலும் வாய் திறக்க முடியாது. கப்பல்காரனும் ஒழிவான். அவனோடு அக்காவின் காலைச் சிரிப்பும். 'நிஜம்' என்றால், நான் போய்விடுவேன். சகலை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதன் பவரே குறைந்திருக்கும். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பு முழுவதும் விரலில் ஏறியிருந்தது.

'நிஜம்' என்பதை அழுத்தினேன்.

பதிவுக்குப் பதிவு பக்கம் பக்கமாகப் புளுகியவன் நான். அதெல்லாம் சேர்ந்தாலும் அந்தச் சின்ன டிக்குக்கு ஈடாகாது. போன் சிணுங்கியது: 'உங்கள் நேர்மைக்கு நன்றி. உங்கள் வலைப்பூ மூடப்பட்டது.'

அக்கா எட்டிப் பார்த்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "அப்ப நிஜம்தான்," என்றார். "குரலக் கேட்டே சரின்னுட்டியாடி? எனக்கு இவர் மூஞ்சியக் காட்டி, அதுக்கு மேல லென்ஸும் மாட்டி விட வேண்டியிருந்துச்சு."

மனைவி தலைப்பை அவிழ்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். வலைப்பூ போனது போகட்டும் என்று தோன்றியது. முழுசாகத் தோன்றவில்லை. முக்கால்வாசி.

"அப்போ அந்தக் கப்பல்காரன் திருடனா?" என்றார் அக்கா.

சகலை கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா," என்றேன். "ஒரே மாதிரி ரெண்டு பேருக்கு நடக்கக் கூடாதா?"

"மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல? கப்பல்லயா?"

"கடல்ல என்னென்னமோ நடக்குதுக்கா."

இப்போதெல்லாம் எழுதியதை நேராகச் சகலைக்கு அனுப்பிவிடுகிறேன். அவருக்கு மாற்றும் சிரமம் வேண்டாம் என்று நானே கப்பல் என்று எழுதிவிடுகிறேன். வாசகர்கள், கேப்டனின் சமீபத்திய எழுத்தில் பழைய வீரியம் இல்லை என்கிறார்கள். தலைமுடி வளரச் சொன்ன அந்த ரசிகர் மட்டும் எப்படியோ விலாசம் கண்டுபிடித்து அங்கேயும் வந்துவிட்டார்.

டிக் அடித்த அன்று மாலை விடைபெற்றுக்கொண்டு லிஃப்டில் இறங்கினோம். நான்காம் மாடியைத் தாண்டியதும் மனைவி கையை நீட்டிச் சிவப்புப் பட்டனை அழுத்தினாள். லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது.

"என்னடி பண்ற?"

"எனக்காக அக்காகிட்டப் பொய் சொல்லிட்டீங்க. மனசுக்கு உறுத்தலா இருக்கு. இப்பச் சரியாப் போச்சு. மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டோமா இல்லையா?"

"கடிகாரம்?"

மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். "இதுவும் காலையிலேர்ந்து ஓடல."

அந்தப் பட்டனை வெளியே இழுத்துவிட்டால் லிஃப்ட் ஓடும். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"சரி பண்ண ரொம்ப நேரமாகுமா?" என்றாள்.

பட்டன் பலகையில் காதை வைத்துக் கேட்டேன். இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தேன். "பெரிய கோளாறு. கொஞ்சம் நேரமாகும்."

"அப்ப சும்மா நிக்காம ஏதாவது சொல்லுங்க."

தொழிலில் எப்போதும் கதவுக்கு வெளியே நின்றே பேசியவன், உள்ளே நின்று பேசுவது அதுதான் முதல் தடவை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஒரு தடவை என்ன ஆச்சுன்னா," என்று ஆரம்பித்தேன். அடுப்பில் வைத்தது எதுவும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு, "ம், சொல்லுங்க," என்றாள்.

பல் செட்டின் மீது ஆணையிட்டுவிட்டதால், இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.